சீசன் வாடகையும் மாத வாடகையும்

(சங்கப் பொதுக்குழுவில் பேசியது)



வங்கி வேலையில் கொடைக்கானலுக்கு மாற்றலாகி வந்தபோது, நாயுடுபுரம், ஆனந்தகிரி என்று மூன்று வாரம் வீடு தேடி அலைந்தேன். கடைசியில் கிடைத்த வீட்டுக்காரர் சொன்னார்: "ஏப்ரல், மே ரெண்டு மாசம் மட்டும் காலி பண்ணிக் கொடுத்துடுங்க சார்." சீசனில் சுற்றுலாக்காரர் ஒரு நாளைக்குத் தருவதை மாதச் சம்பளக்காரன் எங்கே தருவது? குடும்பத்தைப் பழனிக்கு அனுப்பிவிட்டு, நண்பர் அறையில் ஒண்டிக்கொண்டேன்.

இப்போதும் அதே கதைதான். இங்கே 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. போன மாதம் அங்கே ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் நம் கேட்டில் வந்து வீடு கேட்டாள். வத்தலக்குண்டிலிருந்து தினமும் பஸ்ஸில் மலையேறுகிறாளாம். நம் பிளாக்கில் மூன்று வீடு பூட்டிக் கிடக்க, இல்லை என்று அனுப்பினோம். எனக்கு மனசே ஆறவில்லை.

வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்று பயப்படுகிறீர்கள். அதற்குத்தான் 2017-இல் போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தகராறு என்றால் வாடகை நீதிமன்றம். வேறு விதமாகப் பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் தந்துவிட வேண்டும்.

இரண்டு மாத வரும்படிக்காகப் பத்து மாதம் பூட்டுகிறோம். மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சை; பெயிண்ட் செலவை யாராவது கணக்கில் எழுதினீர்களா?

அந்தப் பெண்ணின் நம்பர் என்னிடம் இருக்கிறது. சாவி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள். ஒப்பந்தம் நானே எழுதித் தருகிறேன்.