கற்பிப்போர்க்கும் ஒரு துணை



நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர், தம் நூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியர்க்குரிய இலக்கணத்தை ஓரிடத்திலும், பாடம் சொல்லும் முறையை வேறோரிடத்திலும் வகுத்துரைக்கின்றார். ஒன்றை அறிந்திருப்பது வேறு, அதனைப் பிறர் கொள்ளுமாறு ஈவது வேறு என்பது நம் முன்னோர் கருத்து. பள்ளியாசிரியராகிய எங்களுக்கு அவ்விரண்டாவதைப் பயிற்சிக் கல்லூரியிலே கற்பித்தார்கள். பாடக்குறிப்பு எழுதிக் கொண்டு, கடைசி வரிசையில் விரிவுரையாளர் அமர்ந்து நோக்க, உள்ளங்கை வியர்க்கப் பாடம் நடத்திய பின்னரே எங்களுக்குப் பட்டம் கிடைத்தது. கல்லூரி ஆசிரியர்க்கோ பல நாடுகளில் நெடுங்காலம் இத்தகைய பயிற்சி விதிக்கப்படவில்லை. பாடத்தில் புலமை இருந்தாற் போதும் என்று கருதினர்.

புலமை போதுமா? அமெரிக்காவின் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்னும் இயற்பியல் பேராசிரியர் இருக்கின்றார். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளையெல்லாம் போட்டனர். அவரையும் நல்ல ஆசிரியர் என்றே மதித்தனர். 1990ஆம் ஆண்டளவில் அவர் அவர்களிடம் மிக எளிய வினாக்கள் சிலவற்றைக் கேட்டார். பெரிய சுமைவண்டியும் சிறிய காரும் மோதினால், ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் விசை எத்தகையது என்பது போன்றவை அவை. இரண்டும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. விதியை ஒப்பிக்கத் தெரிந்த பலர், விடையில் தடுமாறினர்! அதன்பின் அவர், வகுப்பின் இடையிடையே மாணவர் தம்முள் வாதிட்டு விடை காணும் முறையைக் கைக்கொண்டார்.

அவர் தம் குறையைத் தாமே கண்டார். எல்லோர்க்கும் அது கைகூடுமா? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அதனால்தான் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962ஆம் ஆண்டிலேயே கற்றல், கற்பித்தல் பற்றிய ஆய்வு மையம் ஒன்றை நிறுவியது. இத்தகைய மையங்களில் பணிபுரிவோரைக் கற்பித்தல் துணைவர் என நாம் அழைக்கலாம்.

அம்மையத்தின் முறை ஒன்று எனக்கு மிகவும் உவப்பானது. பருவத்தின் நடுவில், ஆசிரியர் விரும்பி அழைத்தால் மட்டுமே துணைவர் வகுப்புக்கு வருவார். சிறிது நேரம் பாடத்தைக் கவனிப்பார். பின்னர் ஆசிரியர் வெளியே சென்றுவிடுவார். மாணவர் சிறு குழுக்களாகப் பிரிந்து, தாம் கற்பதற்கு எது துணை செய்கிறது, எதை மாற்றினால் நலம் என்று பேசி முடிவு செய்வர். துணைவர் அவற்றைத் தொகுத்து, ஆசிரியரிடம் தனியே எடுத்துரைப்பார். துறைத் தலைவர்க்கோ மேலிடத்துக்கோ அச்செய்தி செல்லாது. இந்த மறைவே அம்முறையின் உயிர்நிலை. அறிக்கை மேலிடத்துக்குப் போகுமெனில், ஆசிரியர் தம் சிறந்த பாடத்தை அன்று அரங்கேற்றுவாரேயன்றித் தம் இடர்ப்பாட்டைக் காட்டமாட்டார். ஆய்வாளர் வரும் நாளில் பள்ளி எவ்வளவு அழகாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று!

நம் நாட்டிலும் இதற்கு வழி செய்யாமல் இல்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, 1987 முதல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர்க்கெனப் பயிற்சிக் கல்லூரிகளை அமைத்தது. புதியவர்க்கு அறிமுகப் பயிற்சியும், ஏனையோர்க்குப் புத்தொளிப் பயிற்சியும் அளித்தனர். நன்முயற்சிதான். ஆயினும் அப்பயிற்சிச் சான்றிதழைப் பதவி உயர்வுடன் பிணைத்தமையால், சான்றிதழுக்காகவே வந்தமர்வோரும் உண்டானார்கள். அன்றியும், ஆசிரியரை அவருடைய வகுப்பிலிருந்து பிரித்து வேறோரிடத்தில் அமர்த்திச் சொற்பொழிவு கேட்கச் செய்வதைவிட, அவர் வகுப்புக்கே ஒருவர் சென்று உடனிருப்பது பெரும்பயன் தரும் என்பது என் துணிபு.

அப்படி ஒருவர் உங்கள் வகுப்புக்கு வருவாராயின், ‘ஆசிரியர் நன்றாக நடத்துகிறார்’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கரும்பலகையில் எழுதியதை நாங்கள் எழுதிக் கொள்ளுமுன் அழித்துவிடுகிறார், எடுத்துக்காட்டு ஒன்று கூடுதலாகத் தந்தால் விளங்கும் என்று சொல்லுங்கள். அதைக் கொண்டுதான் அவர் மறுநாள் ஏதேனும் செய்ய இயலும்.