முதலாண்டுக் கணிதமும் நம் பிள்ளைகளும்

(நம் சங்க மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியிறுதித் தேர்விலே கணிதத்தில் நிரம்ப மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுட் சிலர், பல்கலைக்கழகத்து முதலாண்டில் அப்பாடத்திலேயே தோல்வியுற்று, தமக்கு அறிவில்லையென மனமுடைகின்றனர். வீட்டாருக்கும் உரையாது படிப்பையே துறப்பாரும் உளர். இதன் காரணத்தை நாம் ஆராய்தல் வேண்டும்.

பள்ளியில் விதியைக் கொண்டு விடை காண்கிறோம். பல்கலைக்கழகத்திலோ அவ்விதி மெய்யென்று நிறுவுமாறு கேட்கின்றனர். 1/2, 1/3, 1/4 என்று செல்லும் எண்வரிசை பூச்சியத்தை அணுகும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். 'அணுகும்' என்றால் என்ன? எத்துணைச் சிறிய இடைவெளியை ஒருவர் குறிப்பினும், வரிசையில் ஓரிடத்திற்கு அப்பால் வருவன யாவும் அவ்விடைவெளிக்குள் அடங்கும் என்பதே பொருள். ஆயிரத்திலொரு பங்கு என்று குறித்தால், 1/1000க்கு அப்பால் உள்ளன யாவும் அடங்கும். அறிந்ததையே இவ்வாறு வரையறுத்து நிறுவுதல் புதியதொரு மொழியைக் கற்பது போன்றது.

அம்மொழி ஒருநாளில் தோன்றியதன்று. லைப்னிட்ஸ் நுண்கணிதத்தை 1684இல் வெளியிட்டார். அதன் அடிப்படை தெளிவற்றதென்று 1734இல் பெர்க்லி குற்றங்காட்டினார். 1821இல் கோஷி என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதிய பாடநூலே அதனைப் பெரிதும் செப்பஞ்செய்தது. அறிஞருலகிற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டியிருந்ததனை ஒரு பருவத்திற்குள் கொள்ளப் புகும் பிள்ளை இடர்ப்படுதல் இயல்பேயன்றோ?

கோஷி பாரிசு நகரத்து எக்கோல் பாலிடெக்னிக்கில் ஆசிரியராயிருந்தார். அங்குப் பயின்றோர் பொறுக்கியெடுக்கப்பட்ட மாணாக்கர். அவர்களே பாடம் மிகக் கடினமென முறையிட்டனர். பள்ளியின் ஆட்சியாளரும் அதனை எளிதாக்குமாறு வற்புறுத்தினர். அவருடைய நூலோ பின்னாளில் கணிதத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று. ஆகவே பாடத்தின் உயர்வும் மாணாக்கரின் இடரும் ஒருங்கே மெய்யாதல் கூடும். இடர்ப்பட்டாரை அறிவிலர் என்றல் பொருந்தாது.

இனிச் செய்யத்தக்கது யாது? மாணவர் முதல் சில வாரங்களிலேயே ஆசிரியரிடம் தம் இடரைச் சொல்லுதல் வேண்டும். எளிய பிரிவு ஒன்று இருப்பின் அதிற் சேர்ந்து அடிப்படையை உறுதிசெய்து மேலேறலாம். ஒருபடி இறங்கி ஏறுதல் இழுக்கன்று. தனியே அறைக்குள் வருந்தாது நால்வர் கூடிப் பயிலல் வேண்டும். ஆசிரியர் உரைப்பதனால் காற்பங்கும், உடன்பயில்வாரால் காற்பங்கும், பிறர்க்கு விரித்துரைத்தலால் அரைப்பங்கும் கல்வி நிரம்பும் என்பது நன்னூலார் கருத்து. கணிதத்திற்கும் இது முற்றும் பொருந்தும்.

பெற்றோர்க்கு நாம் வேண்டுவது ஒன்றே. மதிப்பெண் குறைந்தவிடத்து, 'பணமெல்லாம் வீணாயிற்று' என்னாதீர்கள். 'எந்த இடத்தில் விளங்கவில்லை?' என்று வினவுங்கள். கணிதம் அறியாத தாயும் இவ்வினாவை வினவலாம். மறைத்து வருந்தும் பிள்ளை வாய்திறந்து பேச அதுவே வழியாகும்.