ஒறுப்பு எவர்க்கு?

(சேலம், பேர்லேண்ட்சுப் பகுதியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



மாணவரிடத்துப் பாலியல் கொடுமை புரிந்த ஆசிரியன் ஒருவனைப் பற்றிய செய்தி தாளிகையில் வெளிவந்தவுடன், தமிழகமெங்கும் எழுகின்ற குரல் ஒன்றே. 'தூக்கிலிடு, நடுத்தெருவில் நிறுத்திச் சுடு' என்பதே அக்குரல். தேநீர்க் கடையிலும் பேருந்திலும் அது கேட்கும். அச்சினத்தில் பொய்யில்லை. பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். ஆனால், அதே கொடுமை தம் ஊர்ப் பள்ளியில், தமக்கு நன்கு அறிமுகமான ஓர் ஆசிரியனால் நேர்ந்துவிட்டால், அதே மக்கள் என்ன செய்கின்றனர்? இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.

முதலில் அவர்கள் நம்ப மறுக்கின்றனர். 'அவர் நல்ல ஆசிரியராயிற்றே! கணக்குப் பாடத்தை அவரைப்போல் நடத்த வேறு எவர் உளர்?' என்கின்றனர். நம்ப வேண்டிய நிலை வந்தபின், 'பள்ளியின் பெயர் கெடும், தேர்வு நெருங்குகிறது, நாளை அப்பெண்ணுக்குத் திருமணம் ஆக வேண்டாவா?' என்கின்றனர். இறுதியில் ஊர்ப்பெரியவர் நால்வர் கூடுகின்றனர். ஒரு தொகை பேசப்படுகிறது. ஒரு தாளில் கையெழுத்து வாங்கப்படுகிறது. ஆசிரியன் வேற்றூருக்கு மாற்றல் பெற்றுச் செல்கிறான். தனியார் பள்ளியாயின், வேலையை விட்டு விலகி அடுத்த பள்ளியில் நன்னடத்தைச் சான்றுடன் சேர்கிறான். சிறுமியோ பள்ளியினின்று நிறுத்தப்படுகிறாள். பாட்டி வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். சில வீடுகளில் அகவை நிரம்புமுன்னரே மணம் முடித்துக் கொடுக்கப்படுகிறாள். ஒறுப்புப் பெற்றவர் எவர்? குற்றம் புரிந்தவனா, கொடுமைக்கு ஆளானவளா?

இது வெறுங் கற்பனையன்று. 2022ஆம் ஆண்டு இராசசுத்தான் மாநிலத்தில் அரசுப் பள்ளி மாணவி ஒருத்தியிடம் தகாது நடந்தான் என்று ஆசிரியன் ஒருவன்மீது வழக்குப் பதிவாயிற்று. பின்னர், நடவடிக்கை வேண்டா என்று அம்மாணவியின் தந்தையே முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார். அவ்வுடன்பாட்டை ஏற்று அம்மாநில உயர்நயன்மன்றம் வழக்கை நீக்கிவிட்டது. இரு தரப்பிலும் சேராத ஊரார் சிலர் அதனோடு அமையாது உச்சநயன்மன்றம் சென்றனர். 2024 நவம்பர் 7ஆம் நாள் உச்சநயன்மன்றம் அவ்வாணையை நீக்கி, வழக்கு நடக்க வேண்டும் என்றது. குழந்தைக்கெதிரான இத்தகைய குற்றம் இரு குடும்பங்கள் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும் தனிவழக்கன்று. குமுகாயத்திற்கே எதிரான குற்றம் என்பது அத்தீர்ப்பின் சாரம். தந்தையே ஆயினும் மகள் பட்ட கொடுமையை விலைபேச உரிமை இல்லை என்பதை ஊரார் சிலர் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. அவ்வூராரை ஒத்தவர் நம் ஊர்களில் எத்தனை பேர்?

வடநாட்டை விட்டு நம் வாயிலுக்கு வருவோம். இன்றைய கிருட்டிணகிரி மாவட்டம் 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அங்குத் தனியார் பள்ளி ஒன்றில், 2024 ஆகத்தில், நாட்டு மாணவர் படைப் பயிற்சி என்னும் பெயரால் போலி முகாம் நடந்தது. அதில் 13 அகவைச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்குப் பதிவாயிற்று. பயிற்றுநனாக வந்தவனோடு, செய்தியை அறிந்தும் மறைத்தனர் என்று பள்ளியின் தாளாளரும் முதல்வரும் தளையிடப்பட்டனர். ஆறு திங்கள் கழித்து, 2025 பிப்பிரவரியில், அதே மாவட்டத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் மூவர், எட்டாம் வகுப்பு மாணவியைச் சீரழித்தனர் என்ற குற்றச்சாட்டில் தளையிடப்பட்டனர். இரண்டாம் வழக்கு வெளிப்பட்ட வகையை மனத்தில் இருத்த வேண்டும். பல நாள் பள்ளிக்கு வாராத மாணவியைத் தேடி அப்பள்ளியின் தலைமையாசிரியப் பொறுப்பிலிருந்தவர் வீட்டுக்கே சென்று உசாவினார், உண்மை வெளிவந்தது. ஒரு பள்ளியின் தலைமை மறைத்தது என்பது வழக்கு. மற்றொரு பள்ளியின் தலைமை தேடிச் சென்றது. பள்ளியின் பெயரைக் காத்தது இவ்விரண்டில் எது?

அடுத்து, தண்டனையின் கடுமையைப் பற்றியும் சிறிது எண்ண வேண்டும். பாலியல் குற்றங்களினின்று குழந்தைகளைக் காக்கும் சட்டம், அதாவது போக்சோ சட்டம், 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. கல்வி நிலையத்தில் பணிபுரிவோன் அங்குள்ள குழந்தையிடம் புரியும் குற்றத்தை அச்சட்டம் கடுங்குற்றமாகவே தனித்து எண்ணுகிறது. 2019இல் செய்த திருத்தத்தால், கடுமையான வன்புணர்ச்சிக்குக் குறைந்த அளவு 20 ஆண்டுச் சிறை. மிகுந்த அளவு சாவுத் தண்டனை. அதற்கு முன்பே, 2012ஆம் ஆண்டிலேயே, இத்தகைய குற்றம் புரிந்த ஆசிரியரைப் பணிநீக்குவதோடு அவர்தம் கல்விச் சான்றிதழ்களையும் நீக்கலாம் எனத் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. ஆகவே, தண்டனை போதவில்லை என்று கூக்குரலிடுவோர் ஏட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை என்றே பொருள். ஏட்டில் கடுமைக்குக் குறைவில்லை. அது சென்று சேர்வதில்தான் குறை.

மதுரை மாவட்டம் பொதும்பு அரசுப் பள்ளியில் மாணவியர் பலரைச் சீரழித்த தலைமையாசிரியன்மீது 2011இல் வழக்கு எழுந்தது. 2018இல் அவனுக்கு 55 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தண்டனை பெரிதுதான். ஆயினும் வழக்கு எழுந்தபொழுது ஆறாம் வகுப்பிலிருந்த சிறுமி, தீர்ப்பு வந்தபொழுது பள்ளிப் பருவத்தையே கடந்திருப்பாள். ஏழாண்டுக் காலம் அக்குழந்தைகள் சுமந்ததை எந்த 55 ஆண்டும் ஈடு செய்யாது. குழந்தையின் சான்றுரையை 30 நாளுக்குள் பதிய வேண்டும். இயன்றவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்று போக்சோ சட்டம் கூறுகிறது. 'தூக்கிலிடு' என்று கூவுவோர், 'ஓராண்டில் முடி' என்று ஏன் கூவுவதில்லை? கடுந்தண்டனையைவிடத் தப்பாத தண்டனைக்கே கயவன் அஞ்சுவான். ஒறுப்பு மிகக் கொடியதாக ஆக ஆக, அறிந்த ஒருவனை அதற்கு ஒப்படைக்க ஊர் தயங்குகிறது என்பதும் மறக்கத்தக்கதன்று.

இம்மறைப்புக்கு வேர் எங்குள்ளது? ஒன்று, நாம் வழங்கும் சொற்களில் உள்ளது. 'மாணவியிடம் ஆசிரியர் சில்மிஷம்' என்று தாளிகைகள் எழுதின. வடவெழுத்து ஏறிய அச்சொல், ஒரு குழந்தையின் உடல்மீது நிகழ்த்திய கொடுமையைக் குறும்புத்தனமாக்கிக் காட்டியது. 'கற்பழிப்பு' என்னும் சொல்லோ அதனினும் தீயது. அழிந்தது குற்றம் புரிந்தவனின் மாந்தத்தன்மை. அழிந்ததாகச் சொல்லப்பட்டதோ சிறுமியின் கற்பு! குற்றத்தை அவன்மேல் ஏற்றாமல் இழிவை அவள்மேல் ஏற்றிய சொல் அது. 'பாலியல் வன்கொடுமை' என்று நேர்ப்படச் சொல்லும்பொழுது, கொடுமை எது, கொடியவன் எவன் என்பது ஐயமறத் தெரிகின்றது. சொல் தூய்மை என்பது வெறும் எழுத்துத் தூய்மையன்று, எண்ணத் தூய்மையுமாகும்.

மற்றொரு வேர், ஆசிரியனைக் கேள்விக்கு அப்பாற்பட்டவனாக ஆக்கிய பழக்கத்தில் உள்ளது. 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா' என்று பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் நம் ஊர்களில் பலர். அன்பினால் சொன்ன சொல்தான் அது. ஆனால் அக்குழந்தையின் செவியில் அது எவ்வாறு விழுந்தது? 'என் உடல் இவருக்கு உரியது. வீட்டில் முறையிட்டாலும் பயனில்லை' என்றன்றோ விழுந்தது! தமிழகத்தில் 2003இல் கல்வி விதி திருத்தப்பட்டு, பள்ளியில் உடல்வழித் தண்டனை தடைசெய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமும் அதனைத் தடுத்தது. பிரம்பு போயினும் அது விளைத்த அச்சம் இன்னும் போகவில்லை.

ஆசிரியனை இவ்வாறு உயர்த்தி வைத்தது தமிழ் மரபுதான் என்று சிலர் கூறக்கூடும். அது பிழை. பவணந்தியார் தம் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியர் இயல்பை வகுத்ததோடு நின்றாரில்லை. ஆசிரியராகத் தகாதவர் எவர் என்பதையும் தனியே வகுத்துக் காட்டினார். ஆசிரியப் பதவியில் அமர்ந்தோர் எல்லாரும் ஆசிரியர் ஆகார் என்பதே நம் இலக்கணம் உணர்த்தும் முறை.

இனி, நேர்மையான ஆசிரியர் சிலரின் அச்சத்தையும் ஒதுக்குதல் ஆகாது. 'பொய்யாக எவரேனும் முறையிட்டால் எங்கள் வாழ்வு என்னாகும்?' என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி முறையானதே. பிறரைக் கெடுக்கும் நோக்குடன் பொய் முறையீடு செய்வோரைத் தண்டிக்கவும் போக்சோ சட்டத்தில் இடமுண்டு; ஆயினும் குழந்தையை அதன்பொருட்டுத் தண்டித்தல் ஆகாது என்பதும் அதே சட்டம். ஊரார் கூடி அடித்தலும் தகாது, ஊரார் கூடி மறைத்தலும் தகாது என்பது நேர்மையானவர்க்கும் காப்பேயாகும். உசாவலின்றி அடிக்கும் கூட்டத்தின் நடுவில் குற்றமற்றவனுக்கு வாயில்லை, நயன்மன்றத்திலோ உண்டு.

நாமக்கல் மாவட்டத்து உறைவிடப் பள்ளிகளுக்குத் தமிழகத்தின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வருகின்றனர். சேலம் நகரத்துப் பெற்றோரும் மதிப்பெண்ணை நோக்கி வரிசையில் நிற்கின்றனர். கட்டணம் எவ்வளவு, தேர்ச்சி எவ்வளவு என்று கேட்கும் பெற்றோர், மாணவர் காப்புக் குழு உள்ளதா, அதில் எவர் எவர் உளர், விடுதியில் இரவுப் பொறுப்பு எவருடையது என்று கேட்பதுண்டா? கேட்டால், அடுத்த ஆண்டு பள்ளி அதற்கும் விடை வைத்திருக்கும்.

பெற்றோர் செய்யத்தக்கன சிலவே. குழந்தை சொல்வதை இடைமறிக்காது கேட்க வேண்டும். 'நீ ஏன் அங்குப் போனாய்?' என்னும் கேள்வி நாவில் எழவே கூடாது. 1098 என்னும் குழந்தை உதவி எண்ணையும், 14417 என்னும் பள்ளிக் கல்வித்துறை உதவி எண்ணையும் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். குற்றம் நடந்தது தெரிந்தும் அறிவியாதிருத்தல் தனிக்குற்றம். நிறுவனத் தலைவர் தமக்குக் கீழ்ப்பட்டவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. உடன்பாட்டுத் தாளில் கையெழுத்திடக் கூடாது. இடமாற்றலைத் தண்டனையென ஏற்கக் கூடாது. அது ஓநாயை அடுத்த பட்டிக்கு ஓட்டிவிடுவதாகும். எல்லாவற்றினும் மேலாக, அக்குழந்தை அதே பள்ளியில், அதே வகுப்பில், அதே தோழியரிடையே தலைநிமிர்ந்து அமர ஊர் துணை நிற்க வேண்டும். வெளியேற வேண்டியவள் அவளல்லள்.

தமிழ் வாழ்க என்று முழங்கும் நாவுகள் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். தனக்கு நேர்ந்த கொடுமையைத் தன் தாயிடம் தாய்மொழியில் சொல்ல ஒரு குழந்தை அஞ்சுமாயின், அம்மொழி அவளுக்கு வாழவில்லை. அவள் வாய் திறக்கட்டும். ஊர் செவி திறக்கட்டும். ஒறுப்பு உரியவனைச் சென்று சேரட்டும்!