தாய் என்னும் சொல்



பத்தாண்டுகளில் நம் கூட்டங்களில் தாயைப் போற்றி எத்தனையோ கவிதைகள் ஒலித்தன. அவற்றுள் என்னுடையவையும் உண்டு. தாய்மை சட்டத்தால் உடைமையாக்கப்பட்ட ஒரு வரலாற்றைப் படித்தபின், அக்கவிதைகள் எனக்கே குறையுடையனவாகத் தோன்றின. அதைப் பகிர்ந்துகொள்ளவே வந்தேன்.

அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவில் 1662இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிறக்கும் குழந்தை அடிமையா, உரிமை உடையதா என்பதைத் தாயின் நிலையே முடிவு செய்யும் என்றது அது. தந்தைவழி பார்க்கும் ஆங்கிலேய வழக்குக்கு இது மாறானது. இதனால், அடிமைப் பெண்ணிடம் தனக்குப் பிறந்த பிள்ளையையே எசமானன் தன் சொத்துக் கணக்கில் எழுதிக்கொள்ள முடிந்தது.

அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் பிரெடரிக் டக்ளஸ். 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் தம் அன்னையை நினைவுகூர்கிறார். கைக்குழந்தையாக இருந்தபோதே இருவரையும் பிரித்துவிட்டனர். பன்னிரண்டு மைல் தொலைவில் வேலை செய்த அன்னை, பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு இரவில் நடந்து வந்து மகனருகே படுப்பார். அவன் விழிக்குமுன் திரும்பிவிடுவார். பொழுது விடிகையில் வயலில் இல்லையெனில் சவுக்கடி. அவ்வாறு அவரைக் கண்டது நான்கைந்து முறையே. அவர் இறந்த செய்தி, அயலார் ஒருவரின் மரணச் செய்தி போலவே தம்மை வந்தடைந்ததென எழுதுகிறார் டக்ளஸ். தாய்க்காக அழவும் அந்த மகனுக்கு வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

1856இல் மார்கரெட் கார்னர் என்னும் அடிமைத் தாய், உறைந்திருந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து குடும்பத்தோடு தப்பினார். பிடிக்க வந்தோர் சூழ்ந்தபோது, மீண்டும் அடிமையாக விடக்கூடாதென்று இரண்டு வயது மகளைத் தம் கையாலேயே கொன்றார். அவர் கொலைக்கு விசாரிக்கத்தக்க மனிதரா, உரியவரிடம் ஒப்படைக்க வேண்டிய உடைமையா என்பதே அங்கு வழக்காயிற்று. உடைமையாகவே திருப்பி அனுப்பினர். இந்நிகழ்ச்சியை வித்தாகக் கொண்டே டோனி மாரிசன் 1987இல் ‘பிலவ்ட்’ நாவலைப் படைத்தார்.

1865இல் அடிமை முறை ஒழிந்தது. ஏற்றத்தாழ்வு ஒழியவில்லை. 2023ஆம் ஆண்டின் அமெரிக்க அரசுக் கணக்குப்படி, ஒரு லட்சம் பிறப்புகளுக்கு மகப்பேற்றை ஒட்டி இறந்த வெள்ளை இனத் தாய்மார் 14.5 பேர்; கறுப்பினத் தாய்மார் 50.3 பேர். வறுமை மட்டுமே இதற்குக் காரணமன்று. படித்த, வசதியுள்ள கறுப்பினப் பெண்களையும் இந்த வேற்றுமை தொடர்கிறது.

கவிஞர்களே, என் கவிதைகளில் வந்த தாய்க்குப் பெயரில்லை. அவள் நடந்த தொலைவும் பெற்ற கூலியும் இல்லை. புகழ்ச்சி மட்டுமே இருந்தது. டக்ளஸின் அன்னையின் பெயர் ஹேரியட் பெய்லி. மகன் எழுதி வைத்ததால் அதை இன்று நாம் அறிகிறோம். நம் அடுத்த பத்தாண்டுக் கவிதைகளில் தாய்மார் தம் பெயரோடு வரட்டும்.