மலையிலிருந்து கடலுக்கு: கூடாரமும் கமராவும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பேச ஒரு டாக்டரைக் கூப்பிட்டால் நீரிழிவு, பிரஷர் என்று ஆரம்பித்துவிடுவாரோ என்ற பயம் சிலருடைய முகத்தில் தெரிகிறது. பயப்பட வேண்டாம். கடந்த ஆகஸ்டில் எங்கள் வகுப்புத் தோழியர் பதினொரு பேர், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கிழக்குக் கடற்கரையில் நான்கு இரவு கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு வந்தோம். எந்த வழியால் போவது, எதைப் பார்ப்பது, எங்கே நின்று படம் எடுப்பது என்று சொல்லும்படி செயலாளர் கேட்டார். வெளிநாட்டில் இருக்கும் அக்காமார் சிலர் அடுத்த முறை வரும்போது போக நினைக்கிறார்களாம். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் காற்று. மடுல்சீமைப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் வருகிறது. தென்மேற்குப் பருவக் காற்று மழையை மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, மலை தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகிறது. நாம் லயத்துத் தகரம் பறக்காமல் இருக்கக் கல் தூக்கி வைக்கிறோமே, அதே காற்று பொத்துவில் பக்கம் போனதும் அதற்குக் கச்சான் என்று பெயர். அங்கே அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். மழை இல்லாத மே முதல் செப்டெம்பர் வரை கூடாரத்துக்கு ஏற்ற காலம். மார்கழி வாடையில் அந்தப் பக்கம் கூடாரப் பேச்சே வேண்டாம்.

பசறையில் வீதி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்குப் போகும். நாங்கள் போனது மற்றது: மொனராகலை, சியம்பலாண்டுவை, லகுகலை, பொத்துவில். லகுகலையில் குளத்தோரப் புல்லை மேய யானைகள் வரும். பெரிய வீதியே காட்டுக்குள்ளால்தான் போகிறது. வானிலிருந்து இறங்கி நின்று படம் எடுக்கிற வீரம் யாருக்கும் வேண்டாம். கண்ணாடி வழியாக எடுத்த படமே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

பொத்துவிலைத் தாண்டினால் அறுகம்குடா. ஊர்க்காரர் உல்லை என்பார்கள். அலைச்சறுக்கு விளையாட வரும் வெள்ளைக்காரரால் உலகம் முழுக்கத் தெரிந்த இடம். கடைவீதியைப் படம் எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். விடியற்காலை ஐந்தரைக்குக் களப்புப் பாலத்துக்குப் போங்கள். கிழக்கே கடலிலிருந்து சூரியன் எழும்பும். கீழே களப்பில் வீச்சு வலை எறிபவர்கள் நிற்பார்கள். மாலையில் அதே பாலத்தில் திரும்பி நின்றால் சூரியன் நம்முடைய மலைப் பக்கம் இறங்கும். நடுப்பகலில் கமராவை உறையில் போட்டுவிட்டு நிழலில் படுங்கள். அந்த வெளிச்சத்தில் முகமெல்லாம் கறுத்துத்தான் விழும். போதாததற்கு வெயில் மயக்கமும் வரும். பொத்துவில் மணல்மேடுகளுக்கும் காலையும் மாலையும்தான் அழகு.

அந்தப் பாலம் பிறகு கட்டியது. பழைய பாலம் 2004 டிசம்பர் 26 சுனாமியில் சேதமானது. உல்லையில் நாற்பது வயதைத் தாண்டிய யாரோடு பேசினாலும், அந்த வீட்டில் அன்றைக்குப் போன ஓர் உயிராவது இருக்கக்கூடும். இடிந்த சுவர் அழகாக இருக்கிறதென்று கமராவைத் தூக்குவதற்கு முன் அதை நினைக்க வேண்டும்.

உல்லைக்குத் தெற்கே யானைக் கல், அதற்கும் அப்பால் பாணமை. பாணமை, தமிழரும் சிங்களவரும் பல தலைமுறையாக மணம் முடித்துக் கலந்து வாழும் ஊர். பத்தினித் தெய்வத்துக்குக் கொம்பு இழுத்து விளையாடும் ஊர். பாணமையோடு நல்ல வீதி முடிந்து செம்மண் தொடங்குகிறது. வழியில் குடும்பிகல என்ற பழைய பௌத்தத் துறவிகளின் குன்று. மேலே ஏறினால் ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல். ஏறுவதற்கு நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்? கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டம் பாதியிலேயே உட்கார்ந்துவிட, எங்கள் பதினொரு பேரும் நிற்காமல் ஏறினோம்.

வீதியின் கடைசியில் உகந்தை. முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் என்று ஐதீகம். பாறையடியில் கோயில், பக்கத்தில் வள்ளியம்மன் மலை, அதில் சுனைகள், எதிரே கடல். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து வரும் யாத்திரிகர்கள் இங்கே தங்கித்தான் காட்டுக்குள் நுழைகிறார்கள். கூடாரம் என்பது அவர்களுக்கு ஒரு சேலையும் நாலு கம்பும். குமண தேசிய பூங்காவின் வாசலும் இங்கேதான். உள்ளே தங்க வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். குமண வில்லுவில் மே, ஜூன், ஜூலையில் பறவைகள் கூடு கட்டும். ஆகஸ்டில் போன எங்களுக்கு மிச்சம்தான் கிடைத்தது, அதுவே நிறைய.

இரவில் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கக்கூடாது. உப்புக்கும் பழத்துக்கும் யானை வரும். களப்பு ஓரத்தில் கை கழுவக்கூடப் போகாதீர்கள், முதலை இருக்கிறது. 2017இல் அறுகம்குடாவுக்குத் தெற்கே ஓர் இளம் பிரித்தானியப் பத்திரிகையாளர் அப்படித்தான் உயிரிழந்தார்.

இதோடு டாக்டர் பேச்சும் கொஞ்சம் வந்துவிடுகிறது. மன்னியுங்கள். நம் பிள்ளைகளுக்கு ஆற்றுப் பாறை தெரியும், கடல் தெரியாது. வரிசையாக அலை உடையும் இடத்தில் நடுவே ஓர் இடைவெளி அமைதியாகத் தெரிந்தால், அங்கேதான் இறங்கத் தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்கு ஓடும் வழி அதுதான். அது இழுத்தால் எதிர்த்து நீந்தக்கூடாது. மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்கி நேரம் போக்காதீர்கள். உடனே வாயால் காற்று ஊதி, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். அம்புலன்ஸ் இலவசம். பொத்துவிலில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

முதல் இரவு எங்கள் பிள்ளைகள் தூங்கிய பிறகு பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று தெரிந்தது. பதினொரு பேரில் ஏழு பேர் இந்தப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான் முதன்முதலில் கடலைப் பார்த்திருக்கிறோம். எங்கள் அம்மாமாரில் சிலர் பார்க்காமலே போய்விட்டார்கள். தீவில் பிறந்து, கடலைப் பார்க்காமல்! நம் முன்னோருக்குக் கடல் என்றால் கப்பல். கேம்ப் என்றால் மண்டபம் கேம்ப். அங்கே தடுத்து வைத்து, அம்மை குத்தி, தலைமன்னாருக்கு ஏற்றி அனுப்பினார்கள். பிறகு 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரண்டு அரசும் எழுதிக்கொண்டன. அந்தக் கணக்கில் சேர்ந்த நம் சொந்தக்காரர் அதே தலைமன்னாரில் அழுதுகொண்டே கப்பல் ஏறினார்கள். குளிக்கவும் படம் எடுக்கவும் கடலுக்குப் போன முதல் தலைமுறை நாம்தான்.

அதனால்தான் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மலையிலும் இப்போது கூடாரம் நிறைந்துவிட்டது. மடுல்சீமைச் சின்ன உலக முடிவுக்கு விடுமுறை நாளில் எத்தனை வாகனங்கள் வருகின்றன! வருகிறவர்கள் வழியில் நிறுத்தி, மலையில் நிற்கும் அம்மாமாரைக் கேட்காமலே படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இது நேற்றுத் தொடங்கியதல்ல. ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற பேர்போன படப்பிடிப்பாளர் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வின் படம் டார்வினின் பெயரில் இருக்கிறது. 1878இல் இங்கே எடுத்த படமொன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்கள்’. பெயர்கள் இல்லை.

எங்களில் ஒருத்தியின் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். வீதியோர மலை என்பதால் வெளிநாட்டார் எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை. எந்த நாட்டில் எந்தச் சுவரில் தொங்குகிறாரோ. அவர் இறந்த வீட்டில் மாலை போட ஒரு படம் தேடினோம். அடையாள அட்டைப் படம்தான் இருந்தது. அதைப் பெரிதாக்கினோம், முகம் கலங்கித்தான் வந்தது.

பொத்துவில் கரையில் கரைவலை இழுக்கும் காலை எங்களுக்கு அது ஞாபகம் வந்தது. இருபது, இருபத்தைந்து பேர் இரண்டு கயிற்றிலும் நின்று பின்னோக்கி நடந்து இழுக்கிறார்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. எந்தக் கமராக்காரருக்கும் கை துடிக்கும் காட்சி. எங்கள் தோழி கமராவைத் தூக்கவில்லை. நேரே போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டாள். நாங்களும் பிடித்தோம். வலை கரைக்கு வந்த பிறகு மூத்தவர் ஒருவர் கேட்டார்.

“எங்க இருந்து வாறீங்க, மகள்?”

“மடுல்சீமை, வாப்பா. தேயிலைத் தோட்டம்.”

“அங்க கயிறு இழுக்கிற வேலையா செய்யிற?” என்று சிரித்தார். பிறகு, “படம் எடுக்கிற எண்டா எடுங்க. எங்களுக்கும் ஒண்டு அனுப்புங்க,” என்றார்.

எடுத்தோம். ஒவ்வொருவர் பெயரையும் கொப்பியில் எழுதிக்கொண்டோம். உகந்தையில் சுனையில் குளிப்பவர்களையும் நேர்த்திக்கடனோடு நிற்பவர்களையும் எடுப்பதில்லை என்று முன்பே பேசி முடிவு செய்திருந்தோம். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், நல்ல படங்கள் தப்பிப் போனது உண்மைதான். இருக்கட்டும்.

வந்த வாரமே பதுளையில் கரைவலைப் படங்களைக் கழுவி, ஆளுக்கு ஒன்றாகத் தபாலில் அனுப்பினோம். நமது மண்டபத்தின் பின் சுவரில் மாட்டியிருப்பது அதே படங்கள்தான். கீழே பெயர்கள் இருக்கின்றன. தேநீர் குடிக்கும்போது பாருங்கள்.

அடுத்த ஆகஸ்டில் மறுபடி போகிறோம். விடுதிப் பிள்ளைகளில் இன்னும் கடல் பார்க்காத பன்னிரண்டு பேரைக் கூட்டிப் போக அதிபர் சம்மதித்திருக்கிறார். கூடாரம் நான்கு கைவசம் இருக்கிறது. இன்னும் மூன்று வேண்டும். வெளிநாட்டு அக்காமார் கூடாரம் அனுப்புவதானால் காற்றுக்குத் தாங்கும் கம்பியோடு அனுப்புங்கள். கூட வர விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முக்கியமாக, நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது வேண்டும்.