மின்கலம் ஆக்கும் கைகளும் நம்முடையவை ஆகட்டும்



விடியுமுன் போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பேறும் நம் மக்களிடம் இன்று கைப்பேசி இருக்கிறது. அதனை இயக்குவது லித்தியம் அயனி மின்கலம். அதனை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவரும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் அது வளையாது, உடைந்தால் தீப்பற்றக்கூடும், எறிந்தால் மக்காது.

உடலில் ஒட்டி நாடித்துடிப்பை அளக்கும் கருவிகளுக்கு இத்தகைய மின்கலம் பொருந்தாது. ஆகவே அறிவியலார் மூன்று குணங்களை நாடுகின்றனர். முதலாவது, வளைதல். மின்வாய்களைத் துணிபோல் மெல்லியதாக்கி, இடையே திரவத்துக்குப் பதிலாகக் களி போன்ற மின்பகுளியை வைக்கின்றனர். இரண்டாவது, அறுந்தால் தானே கூடுதல். களியின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் கோத்திருக்கின்றன. அறுந்த முகங்களைச் சேர்த்து வைத்தால் அவை மீண்டும் பற்றிக்கொள்ளும். மூன்றாவது, மக்குதல். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தார் 2022-இல், காகிதத்தில் துத்தநாகமும் கிராஃபைட்டும் கலந்த மைகளைப் பூசி, சில துளி நீரால் இயங்கும் மின்கலத்தைச் செய்து காட்டினர். அது 1.2 வோல்ட் தந்தது. டார்ச் விளக்கின் பாட்டரிக் கட்டை தருவது 1.5 வோல்ட். ஆனால் காகிதம் உலர்ந்ததும் அதன் ஆற்றல் குன்றியது. ஆய்வு இன்னும் முடியவில்லை.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். செத்த மின்கலம் இறுதியில் யார் கைக்கு வருகிறது? குப்பை பிரிக்கும் நம் தாய்மார்களின் வெறுங்கைக்கன்றோ! பயன்பட்ட மின்கலங்களைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. அதனை அறிந்து கேட்பது நம் உரிமை. அதனினும் பெரிது, மக்கும் மின்கலத்தை ஆக்குமிடத்தில் நம் பிள்ளைகள் இருப்பது.

அந்த இடம் கடல் கடந்து இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்ததால் எழுந்து, 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் உள்ளது. மின்கல ஆய்வு அங்கே நடைபெறுகிறது. பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 2021 முதல் 7.5 விழுக்காடு இடங்களைத் தமிழக அரசு ஒதுக்கியுள்ளது. பத்தாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போகும் பிள்ளை அவ்வாசலை எட்டுவதெப்படி? பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலையும் கணிதத்தையும் அஞ்சாது எடுக்கச் செய்வது பெற்றோர், ஆசிரியர், சங்கம் ஆகிய நம் அனைவர் கடமை.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சார வளர்ச்சித் திட்டங்களையும் பொறுப்பேற்று நடத்தினார். அவர் வழிவந்த நாம் மின்னாற்றலின் கழிவை மட்டும் சுமப்பது தகுமா? அள்ளியது போதும், இனி ஆக்குவோம்.

வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!