கோர்த்த கை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் இங்கே மெக்கானிக்கல் படித்தவன். இப்போது ஒரகடத்தில், கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். என்னோடு படித்தவர்களுக்கு என் மார்க்கு ஞாபகம் இருக்காது. கபடி டீமில் வலது கார்னர் நின்றது ஞாபகம் இருக்கும். அதனால் இன்று ஒரு கபடி வீரரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அவர் பெயர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரர். 1975-ல் பிறந்தவர். பிடிப்பதுதான் அவர் வேலை; அவரும் வலது கார்னர். புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியபோது அவருக்கு 39 வயது. பலர் ஆட்டத்தை விட்டுவிட்டு கோச் ஆகிற வயது. அவர் விடவில்லை. 2016 ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் நான்காவது சீசன் இறுதி ஆட்டம். பாட்னா அணியின் கேப்டன் அவர், வயது 41. அந்த அணிக்காகப் பாடிப் போன பர்தீப் நர்வாலுக்கு 19. ஜெய்ப்பூரை 37-29 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கினார்கள். அதே அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். 2019-ல், 44 வயதில், ஹரியானா அணிக்குக் கேப்டன்!

பாடி வருகிறவன் கைதட்டல் வாங்குவான். பிடிக்கிறவன் படும் பாடு ஆடியவனுக்குத்தான் தெரியும். பாடி வருகிறவனுக்கு 30 விநாடி. எதிரே ஏழு பேர். ஓரத்தில் நிற்கும் கார்னர், பக்கத்து ஆளின் கையைக் கோர்த்துக்கொண்டு நிற்பான். வருகிறவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும் நொடியில் கணுக்காலில் விழ வேண்டும். முந்தினால் தொட்டுவிட்டு ஓடிவிடுவான். பிந்தினால் கால் இருக்காது. பிடித்தாலும் மற்றவர்கள் வந்து மூடாவிட்டால், உதறிக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். கார்னருடைய கண் முழுக்க எதிராளியின் காலில் இருக்கும். மற்றதையெல்லாம் கோர்த்த கைதான் சொல்லும். அந்தக் கை இழுத்தால் பின்வாங்க வேண்டும். இழுத்தவன் சீனியரா ஜூனியரா என்று பார்க்க நேரம் கிடையாது.

இதைக் களத்தில் கற்றவன், வேலையில் மறந்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்த 2016 ஜூலை கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை. லாரி வாசலில் நிற்கிறது. சேர்ந்து ஒரு மாதமான அப்ரண்டிஸ் பெண் ஓடி வந்து, "சார், நோ-கோ கேஜ் உள்ளே போகுது சார்" என்றாள். போகக்கூடாத பக்கம் போகிறதென்றால் துளை அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. "நேத்து வந்த பொண்ணு நீ, கேஜை நேரா பிடிச்சியா? லாரி கிளம்பணும்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் 600 பீஸும் திரும்பி வந்தன. சனிக்கிழமை மீட்டிங். "செக் பண்ணியது யார்?" என்ற கேள்விக்கு ரெக்கார்டில் அவள் பெயர்தான் இருந்தது. திங்கட்கிழமையோடு அவளை நிறுத்துவது என்று முடிவானது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு இரவு வல்லக்கோட்டையில் எங்கள் ரூமில் அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தோம். நண்பர்கள் விசில் அடித்தார்கள். எனக்குக் கண் சேரலாதன் கையிலேயே இருந்தது. நாற்பதைத் தாண்டிய மனிதர், தன் வயதில் பாதி இருக்கிற பையன்களை நம்பி நிற்கிறார். என் கையை ஒருத்தி சரியாகத்தான் இழுத்தாள். நான் உதறிவிட்டேன். உதறியதோடு, விழுந்த பழியையும் அவள் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் பெல் அடிப்பதற்குள் மேனேஜர் முன்னால் நின்றேன். "அந்தப் பெண் சொன்னாள் சார். நான்தான் கேட்கவில்லை" என்றேன். அந்த வருட இன்க்ரிமென்ட் போனது. அவள் வேலை நின்றது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றாள். பரவாயில்லாமல் இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. இரண்டு நாள் நான் பேசாமல் இருந்தேனே, அந்த இரண்டு நாளை இன்றும் என்னால் திருப்பித் தர முடியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் லைனில், யார் சந்தேகப்பட்டாலும் சிவப்பு அட்டை மாட்டலாம். மாட்டினால் நான் போய் என் கையால் அளந்து பார்க்காமல் சரக்கு நகராது. பாதி நேரம் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் போவேன்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் நாளை ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வருவீர்கள். இருபது வருடம் மெஷினோடு பழகிய ஐ.டி.ஐ. அண்ணன் ஒருவர் உங்களுக்குக் கீழே வேலை செய்வார். நேற்று சேர்ந்த ஒரு தங்கையும் இருப்பாள். அவர்கள் கையை இழுத்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். லாரி காத்திருக்கட்டும்.